ஒரு கோபுரத்தைக் கழுவ ஐந்து நாள்

மரக்காணத்துக்கு நான் அரசுப் பேருந்தின் படிக்கட்டில் நின்று வந்திருக்கிறேன். மீன் வண்டியில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஒருமுறை கல்லூரி விடுதியிலிருந்து காய்ச்சலோடு ஆம்புலன்ஸில்கூட வந்திருக்கிறேன். வெளிநாட்டுப் பயணமாக வந்தது இந்த மார்ச் மாதம்தான். நான் வேலை செய்வது ஓமானில் ஒரு எண்ணெய் வயலில். நிறுவனத்தின் கணக்கில் இது ஐந்து நாள் அலுவலகப் பயணம். பிறந்த ஊருக்கு அலுவலகப் பயணம் போகும் பாக்கியம் யாருக்கும் வாய்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். எங்கள் பாலைவனத்தில் எண்ணெயோடு சேர்ந்து ஒரு வாயுவும் மேலே வரும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் கரியமில வாயுவும் கலந்தது. அமில வாயு என்போம். காற்றில் விட்டால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் அதை அமுக்கி, வந்த பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறோம். உள்ளே போனது சும்மா கிடக்காது. பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எண்ணெயை இளக்கித் தள்ளிக்கொண்டு வரும். ஒரே ஒரு நிபந்தனை, வாயுவில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தால் அது அமிலமாகிக் குழாயைத் தின்னத் தொடங்கும். அமுக்கிக் குளிர்வித்தால் பெரும்பகுதித் தண்ணீர் தானாகவே சொட்டிவிடும். மிச்சத்தை எடுக்க ஒரு கோபுரம் வேண்டும். கீழிருந்து வாயு ஏறும், மேலிருந்து கிளைக்கால் என்ற பாகு போன்ற திரவம் இறங்கும். இறங்குகிற வழியில் அது வாயுவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தக் கோபுரத்தைச் செய்துகொண்டிருந்த பட்டறை மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. உலகத்தில் இத்தனை இடமிருக்க, உப்பளத்துக்கு இரண்டு வயல் தள்ளி உள்ள பட்டறையை யாரோ ஒருவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருந்தார். அதைச் சோதித்து, 'அனுப்பலாம்' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. என்னோடு காமிஸ் வந்தார். ஐம்பதை நெருங்கும் ஓமானியர். கோபுரம் அங்கே போய் நின்றதும் அதை ஓட்டப்போகிறவர் அவர்தான். வேலை நேரம் முழுக்க அதிலிருந்து பத்தடி தூரத்தில் இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வாயு எச்சரிக்கைக் கருவி தொங்கும். அது ஒருமுறை கத்தியபோது காற்றுக்கு எதிராக ஓடித் தப்பித்தவர்.

முதல் நாளே எரிச்சல் தொடங்கிவிட்டது. விமான நிலையத்தில் ஏறிய காரின் ஏசி மாமல்லபுரம் தாண்டியதும் நின்றது. ஓட்டுநர் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று என்னிடம் சொல்லி, அதைச் சாருக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். தேநீர்க் கடையில் நின்றோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, சாருக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார். தங்கும் விடுதியில் சாரின் அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, சார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று விசாரித்தார்கள். என் அறைச் சாவியை நானாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. புடவை கட்டியிருந்தால் மனைவி என்றாவது நினைத்திருப்பார்கள். பேண்ட் போட்டிருந்ததால் மொழிபெயர்ப்பாளர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காமிஸுக்கு எதிலும் குறையில்லை. பஜ்ஜி சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். சாலையில் மாடு படுத்திருந்தது, அழகாக இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்தார். எரிச்சல்படும் ஒருத்திக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் எரிச்சல் இரண்டு பங்காகும்.

பட்டறையில் மேற்பார்வையாளர் தட்சிணாமூர்த்தி வாசலுக்கே வந்து காமிஸின் கையைக் குலுக்கினார். பெரிய முதலியார்சாவடியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். கொட்டகைக்குள் கோபுரம் மரக்கட்டைகள்மேல் படுத்திருந்தது. ஒன்பது மீட்டர் நீளம், துருப்பிடிக்காத எஃகு. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் நன்றாக இருந்தது. தகடுகள் இணையும் பற்றுகளில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அப்புறம், தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஆழ்குழாய்க் கிணற்றைக் காட்டினார்.

"எப்பவும் போர் தண்ணிதான் மேடம். இத்தினி வருசமா இதுலதான் டெஸ்ட் அடிக்கிறோம். ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல."

என் பெட்டியில் உப்பு பார்க்கும் காகிதப் பட்டைகள் இருந்தன. தண்ணீரில் நிறுத்தினால் பழுப்புக் கோட்டில் வெள்ளை ஏறும். எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு உப்பு. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. போர் தண்ணீரில் நிறுத்திய பட்டை உச்சிவரை வெளுத்துவிட்டது. அந்த உப்பு எஃகின் உள்சுவரில் தங்கிவிட்டால், பிறகு அமில வாயுவும் சூடும் சேரும்போது மயிரிழையாக வெடிப்பு விடும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் பிளந்து வாயுவை வெளியே விடும்.

இதையெல்லாம் நான் விளக்க, அவர் காமிஸையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வீட்ல உப்பை எதுல போட்டு வச்சிருக்கீங்க சார்?" என்றேன்.

"ஜாடியில."

"எவர்சில்வர் டப்பாவுல ஏன் போடல?"

"ஓட்டை உழுந்துடும்" என்றவர், சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டவர்போல நின்றார். முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த ஊரு மேடம்?"

சொன்னேன். யார் வீட்டுப் பெண் என்றார். உப்பளத்தில் வேலை செய்யும் ஏழுமலையின் மகள் என்றேன். சொல்லியிருக்கவே கூடாது.

"அட, நம்ம ஏழுமலை பொண்ணா நீ? அதான் உப்பைப் பத்தி இவ்ளோ பேசற."

அத்தோடு மேடம் போனது. அடுத்த நான்கு நாளும் நான் நீ, வா, போ, இன்னாம்மா. காமிஸ் மட்டும் சாராகவே இருந்தார்.

இரண்டாம் நாள் முழுக்கத் தண்ணீர் தேடுவதில் போனது. பிரம்மதேசம் போகும் வழியில் கேன் தண்ணீர் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. உப்பு நீக்கிய தண்ணீர் அங்கே கிடைக்கும் என்றார்கள். எட்டு மணிக்கு வருகிறேன் என்ற தண்ணீர் லாரி பதினொன்றரைக்கு வந்தது. முந்தின நாள் அதில் என்ன ஏற்றினீர்கள் என்று ஓட்டுநர் சேகரிடம் கேட்டேன். கட்டட வேலைக்குப் போர் தண்ணி என்றார். அப்படியானால் உள்ளே இரண்டு முறை அலச வேண்டும் என்றேன். "குடிக்கவா போறீங்க, இரும்புக்குத்தானே ஊத்தப் போறீங்க" என்றார். குடிப்பதற்கென்றால் இவ்வளவு பார்க்க மாட்டேன் என்று சொன்னபோது, அவர் முகத்தில் என்னைப் பற்றிய ஒரு முடிவு தெரிந்தது.

அலசி, நிரப்பி, திரும்பி வரும்போது மூன்று மணி. நானும் காமிஸும் லாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சேகர் பெரிய சாலையை விட்டு உப்பள வரப்புச் சாலையில் திருப்பினார். பத்து நிமிஷம் மிச்சமாகும் என்றார். இருநூறு கெஜம் போவதற்குள் பின்சக்கரம் மணலில் புதைந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரோடு, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் மினுங்க நின்றோம். ஓமானில் பாலைவனத்தில் வண்டி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஆள் இருக்காது. இங்கே ஐந்து நிமிஷத்தில் முப்பது பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனை. அதில் என் அப்பாவும் இருந்தார். என்னை லாரியில் பார்த்ததும் திரும்பி ஓடினார். உப்பு அம்பாரம் மூடுகிற ஓலைக் கீற்று நான்கைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார். சக்கரம் ஓலையை நார்நாராகக் கிழித்துவிட்டு இன்னும் ஒரு சாண் இறங்கியது.

அப்போது காமிஸ் இறங்கினார். வேட்டியை மடிப்பதுபோல் தன் நீண்ட அங்கியை மடித்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார். டயரில் காற்றைத் திறந்துவிட்டார். சேகர் பதறி, டயர் போச்சு என்று ஓடிவந்தார். "மணலில் தட்டையான கால் வேண்டும், குதிகால் அல்ல" என்றார் காமிஸ். அதை நான்தான் சேகருக்குத் தமிழில் சொன்னேன். நான்கு பின்டயரும் பாதி தளர்ந்ததும் லாரி முக்கிக்கொண்டு வெளியே வந்தது. எல்லோரும் காமிஸின் முதுகில் தட்டினார்கள். அப்பா அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரும்படி என்னிடம் சொன்னார். லாரியை அந்தச் சாலையில் திருப்ப வேண்டாம் என்று மூன்று முறை கத்தியது நான். அது யாருக்கும் நினைவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நண்டுக் குழம்பு. காமிஸ் ஓட்டை உடைத்துச் சாப்பிட்ட லாவகத்தைப் பார்த்து அம்மா அசந்துவிட்டாள். இவர்தான் என் மேலதிகாரியா என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான்தான் கையெழுத்துப் போடணும். அவரு அதை ஓட்டறவரு."

"அது வெடிச்சா இவருக்குத்தான் மொதல்ல?"

ஆமாம் என்றேன். அம்மா இன்னொரு நண்டை அவர் தட்டில் வைத்தாள்.

சாப்பிடப் போகும் முன்பே பட்டறையில் லாரித் தண்ணீரைப் பட்டையில் பார்த்திருந்தேன். வெள்ளை, முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. கோபுரத்தை நிரப்பிய பிறகு மிச்சமிருந்த இரண்டாயிரம் லிட்டரை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து வைத்தோம். சோதனை முடிந்து தண்ணீரை வடித்த பிறகு, கடைசியாக உள்சுவரை ஒருமுறை கழுவ அது. தொட்டிமேல் 'தொடாதே' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். தட்சிணாமூர்த்தி அதைப் படித்துவிட்டு, என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

மூன்றாம் நாள் சோதனை. பம்பை ஓட்டுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தடுக்க முடியாது என்று தெரிந்ததால், தீ கோபுரத்திலிருந்து தள்ளி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அழுத்தம் ஏறியது. ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையக் கூடாது. நாற்பதாவது நிமிஷத்தில் மின்சாரம் போனது. பம்பை மூடித்தான் வைத்திருந்தோம், அதனால் பாதகமில்லை. ஆனால் இருட்டில் முள்ளைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசி விளக்கைத் தூக்கிக்கொண்டு நெருங்கினார்கள். அழுத்தத்தில் இருக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் போகக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். தொண்டை வற்றக் கத்தி விரட்டினேன்.

முள் அசையவில்லை. அழுத்தத்தைக் குறைத்துவிட்டு ஏணியில் ஏறி, கோபுரத்தின் முதுகின்மேல் நடந்து ஒவ்வொரு பற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். காமிஸுக்கு மறுபடியும் நண்டு. வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது பட்டறை விதி. ஏழுமலை பெண்டாட்டி வெளியாள் இல்லை என்பது வாசற்காரரின் விதி. நான் மேலேயிருந்து கையைக் காட்டிப் போகச் சொன்னேன். போய்விட்டாள் என்று நினைத்தேன். ஒரு பற்றும் கசியவில்லை. சாயங்காலம் தண்ணீரை வடித்தோம். அன்றுதான் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் காலை தொட்டித் தண்ணீரால் கழுவினோம். வெளியே வடிந்ததை ஒரு குவளையில் பிடித்துப் பட்டையை நிறுத்தினேன். வெள்ளை ஏறியது, ஏறியது, நூறைத் தாண்டி நின்றது. பட்டை கெட்டுவிட்டதோ என்று இன்னொன்று. அதுவும் நூறைத் தாண்டியது. தொட்டியின் அடியில் எஞ்சியதில் நிறுத்தினேன். அதேதான். இரண்டு நாள் முன்பு முதல் கோட்டைத் தொடாத தண்ணீர்.

"ராத்திரி யாரு சார் போர் தண்ணி உட்டது?" என்றேன்.

"யாரும் உடலம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அப்ப உப்பு தானா வந்துச்சா?"

"காத்துல வந்துச்சுன்னு சொல்லலாம். எனக்கே நம்பிக்கையில்ல. ஆனா எங்காளுங்க தொடல."

தொட்டிக் குழாய் ஒழுகிக் குறைந்ததை யாராவது போர் தண்ணீரால் நிரப்பிவிட்டு, சொல்லப் பயந்து மறைக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. முதல் நாள் போர் தண்ணீரைக் காட்டியவர்தானே. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னது, பேசி வைத்துக்கொண்டதற்கு அடையாளமாகத் தெரிந்தது. காமிஸ் நடுவில் என்ன விஷயம் என்று கேட்டார். நான்கு நாளாக எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சலித்திருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

விடுதிக்குப் போய் மஸ்கட்டில் உள்ள மேலாளருக்கு அறிக்கை அனுப்பினேன். பட்டறையினர் கழுவும் தண்ணீரில் எங்களுக்குத் தெரியாமல் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கலந்துள்ளனர், கேட்டபோது மறுக்கின்றனர் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இந்தக் கோபுரத்தைச் சரிசெய்து வாங்கிக்கொள்வது, அடுத்து இவர்களுக்குத் தருவதாக இருந்த வேலையை நிறுத்துவது, இவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. நான் எழுதியதற்கு இவ்வளவு வேகமாக மதிப்புக் கிடைத்தது அதுதான் முதல்முறை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாலையில் பட்டறைக்குப் போனபோது மஸ்கட்டிலிருந்து செய்தி கிடைத்த பட்டறை முதலாளி தொலைபேசியில் தட்சிணாமூர்த்தியிடம் பேசி முடித்திருந்தார். தட்சிணாமூர்த்தி சண்டைக்கு வரவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். "தப்பு பண்ணியிருக்கேன், வெல்டு பிரிஞ்சு திரும்ப அடிச்சிருக்கேன். பொய் சொல்லி ஒரு பீஸை வெளிய அனுப்பினதில்ல" என்றார். மறுபடி ஒரு லாரி தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் காலை, தேநீர்க் கடை. காமிஸ் வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டே கடைக்காரருக்குத் தன் கைபேசியில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சிரித்தார். "உங்க அம்மாவா?" என்று என்னைக் கேட்டார். எட்டிப் பார்த்தேன்.

அது ஒரு வீடியோ. முதலில் கோபுரத்தின்மேல் நடக்கும் என் கால்கள். பிறகு கீழே, அம்மாவின் முதுகு. கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறாள். இரண்டு கையும் நிறையக் கல் உப்பு. என்னைப் பார்த்து வலப் பக்கமாகச் சுற்றுகிறாள், இடப் பக்கமாகச் சுற்றுகிறாள். பிறகு காமிஸின் பக்கம் திரும்பி அவருக்கும் சுற்றுகிறாள். 'தூ தூ' என்கிறாள். நேராகக் கறுப்புத் தொட்டிக்குப் போய், மூடியைத் திறந்து, கைகளைக் கவிழ்க்கிறாள்.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன் காமிஸிடம்.

"முதலில் கற்பூரம், பிறகு உப்பு. உங்கள் முறை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சாம்பிராணிப் புகை போடுவார்கள்" என்றார். "நேற்று அவர்களோடு எதற்காகச் சண்டை போட்டீர்கள்?"

அப்போதுதான் சொன்னேன். காமிஸ் வடையைக் கீழே வைத்தார்.

வீட்டுக்குப் போனேன். அம்மா உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தொட்டியில் உப்புப் போட்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மறைக்கவேண்டிய விஷயமாகவே அவளுக்கு அது படவில்லை.

"அத்தினி பேரு கண்ணும் உம்மேல. மேல ஏறி நிக்கற, உனக்குத் தெரியல. சுத்தினதைத் தண்ணியிலதானே கரைக்கணும்."

"உப்பு பட்டா எவர்சில்வர் ஓட்டை உழும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாமலா? அதனாலதான் அதுங்கிட்டயே போவல. பிளாஸ்டிக் டேங்குலதானே போட்டேன்."

"தொடாதேன்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

அம்மா தலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எழுதினே. எனக்குப் படிச்சுச் சொன்னியா?"

எங்கள் வீட்டில் எழுதப்பட்ட எதையும் இதுவரை படித்தவள் நான் ஒருத்திதான். ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு, கரண்ட் பில், எல்லாம் என் வாயால்தான் அவளுக்குத் தெரியும். உலகத்தின் தொட்டிகள்மேல் எல்லாம் எழுதிவிட்டு, அவளுக்கும் சேர்த்து எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குப் போகும் வழியில் ஷேர் ஆட்டோவில் கால்மணி நேரம் எனக்கு ஒரு யோசனை இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இரண்டாவது லாரித் தண்ணீரால் கழுவினால் உப்பு போய்விடும். கோபுரம் கெடாது. காமிஸுக்கு ஆபத்தில்லை. உப்பு எப்படி வந்தது என்று யாரும் மறுபடி கேட்கப் போவதில்லை. ஆய்வுக்கு வந்தவளின் அம்மா தடை செய்த இடத்தில் நுழைந்து தண்ணீரைக் கெடுத்தாள் என்று அறிக்கையில் வந்தால், அடுத்த பயணத்துக்கு என்னை அனுப்புவார்களா? ஆட்டோவில் எதிரே காமிஸ் உட்கார்ந்திருந்தார். அந்த வீடியோ அவர் கையில் இருந்தது. ஆனால் காட்டுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

பட்டறை வாசலில் நின்றே கைபேசியில் எழுதினேன். நேற்று நான் அனுப்பிய குற்றச்சாட்டு தவறு, பட்டறையினர் தண்ணீரைத் தொடவில்லை, சோதனை நாளன்று என் தாயார் திருஷ்டி கழித்த உப்பைத் தொட்டியில் கரைத்தார், அவரை உள்ளே பார்த்தும் வெளியேற்றாமல் விட்டது நான், சாட்சியாக வீடியோ இணைத்திருக்கிறேன். 'திருஷ்டி'க்கு ஆங்கிலத்தில் எழுதிய வார்த்தை எனக்குத் திருப்தியில்லை. அனுப்பும் முன் தட்சிணாமூர்த்தியிடம் போய், அவருடைய ஆட்கள் எல்லோரும் கேட்க, தமிழில் படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முழுக்கக் கேட்டார். "அம்மான்னு போடாத. 'வெளியாளு ஒருத்தரு'ன்னு போடு, போதும்" என்றார்.

"வாசல்ல அவங்களை வெளியாள் இல்லைன்னுதானே சார் உள்ள உட்டீங்க."

பின்னாலிருந்து வெல்டர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். தட்சிணாமூர்த்தி தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "அனுப்பும்மா. ஏழுமலை பொண்டாட்டி பேரைச் சரியா எழுது, அஞ்சலைன்னு" என்றார். அனுப்பினேன்.

சேகரின் லாரி பதினோரு மணிக்கு, பெரிய சாலை வழியாகவே வந்தது. இறங்கும்போதே, டயரில் காற்று யாரும் பிடுங்க வேண்டாம் என்று காமிஸைப் பார்த்துச் சொன்னார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பினோம். கோபுரத்தை மூன்று முறை அலசினோம். கடைசியில் வடிந்த தண்ணீரில் பட்டையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம். வெள்ளை முதல் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. காமிஸ் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தானும் ஒருமுறை பார்த்தார். இந்தக் கோபுரத்தின் பத்தடி தூரத்தில் நிற்கப்போகிறவர் அப்படிப் பார்த்தது சரிதான். சூடான காற்றை விட்டு உலர்த்தி, வாய்களை அடைத்து, கையெழுத்துப் போட்டேன்.

மேலாளரின் பதில் மாலையில் வந்தது. பட்டறையின் மேல் வைத்த குறிப்பு நீக்கப்படுகிறது, அடுத்த வேலை அவர்களுக்கே. என்னைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை. கூடவே ஒரு படிவம். 'இது மீண்டும் நிகழாதிருக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற கட்டம் காலியாக இருந்தது. இன்றே நிரப்பி அனுப்பவும்.

வீட்டு வாசலில் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் கேட்டேன். இனிமேல் உப்புச் சுற்ற மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், எழுதிக்கொள்கிறேன்.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"எழுதணும்மா. இல்லன்னா என்னை உட மாட்டாங்க."

"சுத்துவேன். தண்ணியில கரைக்க மாட்டேன். முச்சந்தியில கொட்டிட்டு வந்துடறேன். அப்படி எழுதிக்கோ."

கார் வந்து ஹாரன் அடித்தது. காமிஸ் ஏறி உட்கார்ந்து, அம்மாவுக்குக் கையை நெஞ்சில் வைத்து விடை சொன்னார். நான் நின்றுகொண்டே நிரப்பினேன். ஆய்வாளரின் தாயாருடன் பேசப்பட்டது. உப்பு இனி வளாகத்துக்கு வெளியே, மூன்று சாலை கூடும் இடத்தில் கொட்டப்படும்.

"இன்னா எழுதினே? படிச்சுக் காட்டு" என்றாள் அம்மா.

தமிழில் படித்தேன். கவனமாகக் கேட்டாள்.

"வலப் பக்கம் மூணு, இடப் பக்கம் மூணுன்னு போடலியே?"

அதையும் சேர்த்து, இன்னொரு முறை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.